அப்பாவின் படத்தை ஸ்கேன் செய்யும்போது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரையைத் தாண்டி வீடுகளுக்குள் வந்து நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு மெத்தை, பீரோ, அரிசி மூட்டைகளோடு கல்யாண ஆல்பங்களையும் தெருவில் காயப்போட வேண்டியிருந்தது. ரேஷன் கார்டுக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் பத்திரத்துக்கும் நகல் தர ஏதோ ஓர் அலுவலகம் இருக்கிறது. அலைய வேண்டும், ஆனால் கிடைத்துவிடும். அறுபதுகளில் டவுன் ஸ்டூடியோவில் எடுத்த தாத்தாவின் படம் நனைந்து ஒட்டிப்போனால், அதற்கு நகல் தரும் அலுவலகம் எந்த ஊரிலும் இல்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு, வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் காகிதங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல எண்ணம். ஆனால் அதை அவசரத்தில் செய்துவிட்டு, “அதான் ஏத்தியாச்சே” என்று மூலப்படத்தைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கங்கைகொண்டானில், நான்குவழிச் சாலையை ஒட்டிய டீக்கடையில், தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து மூன்று பொருட்களை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய அப்பாவின் ஸ்டாம்ப் சைஸ் படம் ஒன்று. ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பா ஊருக்கு வந்திருந்த சமயம். மூன்றாவது ஒரு மூலப்பத்திரம். கையால் எழுதியது, பழுப்புக் கறை படிந்தது.

“பேரன் எல்லாத்தையும் செல்போன்ல எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டுட்டான் தம்பி. அப்பா படத்தப் பெருசா போட்டு மாட்டணும்னு கடையில குடுத்தா, மூஞ்சி கலங்கிப்போயி இருக்கு. இத சரிபண்ண சாப்ட்வேர் இருக்குல்லா?”

சாப்ட்வேர் இருக்கிறது. ஆனால் கேள்வியை அங்கிருந்து தொடங்கினால் பதில் கிடைக்காது. ஸ்கேன் செய்யும் நேரத்தில் பதியாத விவரத்தை எந்த சாப்ட்வேராலும் பிறகு கொண்டுவர முடியாது. நல்ல ஸ்கேன் கையில் இருந்தால் எடிட்டிங் சின்ன வேலை. மோசமான ஸ்கேன் என்றால் எடிட்டிங் முழுக்கப் பூச்சு வேலை.

கம்ப்யூட்டரில் இருக்கும் படம் என்பது புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். வண்ணப் படமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். உலகில் முதலில் இப்படி எண்களாக மாற்றப்பட்ட புகைப்படம் என்று சொல்லப்படுவது ஒரு குழந்தையின் படம். 1957-இல் அமெரிக்க அரசின் தேசியத் தரநிர்ணய அமைப்பில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், சுழலும் உருளையில் ஒரு படத்தைச் சுற்றி, ஒளியால் தடவி, கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். மூன்று மாதக் குழந்தையான அவருடைய மகன் வால்டனின் படம் அது. 5 செ.மீ. சதுரம், வரிசைக்கு 176 புள்ளிகளாக 176 வரிசைகள், ஆக 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்பதை மட்டுமே அந்த இயந்திரம் பதிவு செய்தது. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் வெவ்வேறு அளவுகளில் பலமுறை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டியிருந்தது. ஸ்கேனருக்குள் முதலில் போனது ஏவுகணை வரைபடமோ அரசாங்கக் கோப்போ இல்லை, ஓர் அப்பா எடுத்துவந்த பிள்ளையின் படம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இப்போது அண்ணாச்சியின் அப்பா படத்துக்கு வருவோம். ஸ்டாம்ப் சைஸ் படத்தின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஸ்கேனரில் 300 டிபிஐ என்று வைத்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், முகம் முழுவதற்கும் அகலவாக்கில் 300 புள்ளிகள்தான். அதை 8 அங்குல அகலத்தில் அச்சிட்டு மாலை போடும் படமாக மாட்டினால், அங்குலத்துக்கு 37 புள்ளிகள் வரும். கலங்காமல் என்ன செய்யும்? அதே படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 1200 புள்ளிகள். 8 அங்குலத்தில் அச்சிட்டாலும் அங்குலத்துக்கு 150. சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அது போதும். மீன்வலையைப் போலத்தான் இது. வலைக்கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறிய மீன் தங்கும். கரைக்கு வந்த பிறகு வலையை மாற்றிப் பயனில்லை.

“அப்போ எல்லாத்தையும் 1200-லயே வச்சிரலாம்லா?” என்றார் அண்ணாச்சி.

தேவையில்லை. படம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிகம் வைக்க வேண்டும், அதுதான் கணக்கு. குரூப் போட்டோ 8-க்கு 6 அங்குலம். அதில் ஒவ்வொரு முகமும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது என்பதால் 300 போதாது. 600 வைத்தால் 4800-க்கு 3600 புள்ளிகள், ஒரு முகத்துக்கு அகலவாக்கில் சுமார் இருநூறு புள்ளிகள். ஆளை அடையாளம் காண அது தாராளம். அதற்கு மேல் போனால் சொரசொரப்பான காகிதத்தின் இழைதான் பெரிதாகத் தெரியும். முகத்தில் புதிதாக ஒன்றும் வராது. பத்திரத்துக்கு 300 போதும். எழுத்து மங்கியிருந்தால் 400 அல்லது 600.

ஸ்கேனர் பெட்டியின் மேல் 4800, 9600 என்று பெரிய எண்கள் போட்டிருப்பார்கள். “ஆப்டிகல்” என்ற சொல்லுக்கு நேராக என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பிரின்டரும் ஸ்கேனரும் சேர்ந்த வீட்டு இயந்திரங்களில் அது பெரும்பாலும் 600, 1200 அளவில்தான் நிற்கும். அதற்கு மேல் உள்ள எண்கள், இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் ஊகித்துச் சேர்ப்பவை.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ஒல்லியான ஸ்கேனர்களில் சிஐஎஸ் என்ற உணரி இருக்கும். அது கண்ணாடியில் அப்பிக் கிடக்கும் காகிதத்தை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். ஓரம் சுருண்ட படம், மடிப்பு மேலெழும்பிய பத்திரம், சட்டத்துக்குள் இருக்கும் படம் எல்லாம் அதில் மங்கிவிடும். சற்றுக் கனமான, சிசிடி உணரி உள்ள பழைய வகை ஸ்கேனர் என்றால் சில மில்லிமீட்டர் மேலே இருப்பதையும் தெளிவாக எடுக்கும். பழைய சாமான்கள் நிறைய உள்ள வீட்டுக்கு அதுதான் நல்லது.

சட்டத்துக்குள் உள்ள படம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் சுவரில் தொங்கிய படங்களில், ஈரக்காற்று பட்டு, படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தயவுசெய்து உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அல்லது செல்போனால் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், போன் படத்துக்கு நேர் இணையாக இருக்கட்டும், போனுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொள்ளட்டும். கண்ணாடியில் உங்கள் உருவம் விழாது. செல்போனுக்குச் சரியான இடம் இதுதான். தட்டையாகக் கிடக்கும் படத்துக்கு ஸ்கேனரே சிறந்தது. வெளிச்சம் எல்லா மூலையிலும் ஒரே சீராக விழும், ஓரங்கள் வளையாது, போன் தானாகச் செய்யும் மெருகூட்டலும் இருக்காது.

ஸ்கேன் செய்யும் முன் கண்ணாடியைத் துடையுங்கள். திரவத்தைத் துணியில் தெளித்துத்தான் துடைக்க வேண்டும், கண்ணாடியில் நேரே தெளித்தால் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். படத்தின் மேலுள்ள தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும், ஈரத் துணி ஆகவே ஆகாது. பத்திரத் தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து முன்னே தெரிந்தால், தாளின் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்க எழுத்து பெருமளவு மறைந்துவிடும்.

பிறகு ஸ்கேன் மென்பொருளைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அது உதவியாக நினைத்துச் செய்யும் எல்லாவற்றையும் நிறுத்துவது. தானியங்கி வண்ணத் திருத்தம், தூசி நீக்கம், கூர்மையாக்கம் எல்லாவற்றிலும் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். தூசி நீக்கம் மூக்குத்தியையும் தூசியாக நினைக்கும். அந்த வேலைகளை நாமே பிறகு, ஒரு நகலில், கண்ணால் பார்த்துச் செய்யலாம். விண்டோஸில் நாப்ஸ்2, லினக்ஸில் எக்ஸ்சேன் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். ஸ்கேனரோடு வந்ததே இருந்தாலும் பாதகமில்லை. படத்தின் நாலு ஓரத்துக்கும் வெளியே கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, யாருக்கு அனுப்பியது என்ற வரி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். அண்ணாச்சிக்கு இது புரியவில்லை, பலருக்கும் புரிவதில்லை. அதற்குப் பதில் அவர் வைத்திருந்த பத்திரத்தில் இருக்கிறது.

பத்திரத்தில் பழுப்புக் கறை, நீல மை எழுத்து, ஒரு மூலையில் ஊதா நிற முத்திரை. வண்ண ஸ்கேனில் இந்த மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளாகப் பிரிந்து பதிவாகின்றன. பழுப்புக் கறை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அதனால் சிவப்பு அடுக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் கறை வெளிறிக் காகிதத்தோடு கலந்துவிடும். நீல மையோ சிவப்பு ஒளியை விழுங்கும். அதனால் அதே சிவப்பு அடுக்கில் எழுத்து கறுத்துத் தெரியும். கறை போகிறது, எழுத்து எழுகிறது. இரண்டும் ஒரே அடுக்கில். முத்திரைக்கு அடியில் எழுத்து இருந்து படிக்க முடியாவிட்டால், ஊதா நிறம் மிகவும் வெளிறித் தெரியும் நீல அடுக்கைப் பாருங்கள். எழுத்து கறுப்பு மையில் எழுதியதாக இருந்தால் அங்கே மிஞ்சி நிற்கும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தால் இந்த மூன்றும் ஒரே சாம்பலாகக் குழைந்திருக்கும்; பிறகு பிரிக்க வழியே இல்லை. பழைய புகைப்படத்தின் மஞ்சள் திட்டுகளுக்கும் இதே மருந்துதான்.

இதை கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது, 1996-இல் வெளிவந்தது. ஃபோட்டோஷாப் 1990-இலேயே வந்துவிட்டது. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. வீட்டுப் படங்களுக்கு கிம்ப் போதுமானதைவிட அதிகம். வண்ணங்கள் பட்டியலில் கூறுகளைப் பிரிக்கும் கட்டளை இருக்கிறது. அதை அழுத்தினால் மூன்று அடுக்குகளும் தனித்தனிச் சாம்பல் படங்களாக வந்து நிற்கும். எதில் எழுத்து நன்றாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சுத்தம் செய்த பத்திரம் நாம் படிப்பதற்கு மட்டும்தான். முத்திரையை மறைத்த படத்தை எந்த அலுவலகத்திலும் கொடுக்கக் கூடாது; அது திருத்திய ஆவணம் ஆகிவிடும். சட்டத்துக்கு முன்னால் மூலத்தாளுக்கே மதிப்பு. கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதென்று அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

“சரி தம்பி, அப்பா படத்துக்கு வாங்க.”

ஸ்கேன் செய்த படத்தை முதலில் நூறு சதவீத அளவில் பாருங்கள். படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியாகத் தெரியும் அளவு அது. திரைக்குள் அடங்கும்படி சுருக்கிப் பார்த்தால் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும், குறைகள் ஒளிந்துகொள்ளும். வெறுமனே பார்க்கவும் வரிசையாகப் புரட்டவும் விண்டோஸில் இர்ஃபான்வியூ நல்லது. 1996 முதல் இருக்கிறது, சிறியது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உச்ச வெளிச்சத்தில் வைத்துப் படத்தைச் சரிசெய்தால், திரையில் அழகாக இருப்பது அச்சில் இருண்டு வரும்.

பிறகு அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். கிம்பில் லெவல்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் ஒரு சிறு மலைபோல ஒரு வரைபடம் தெரியும். இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை. படத்தில் எந்தச் சாயலில் எத்தனை புள்ளிகள் என்பதே மலையின் உயரம். வெளிறிய பழைய படத்தில் மலை நடுவிலேயே ஒதுங்கி நிற்கும். அதாவது உண்மையான கறுப்பும் இல்லை, உண்மையான வெள்ளையும் இல்லை. கீழே உள்ள இரண்டு முக்கோணக் குறிகளை மலையின் அடிவாரம் வரை நகர்த்துங்கள். படம் அந்த நொடியில் உயிர்பெறும். மலைக்குள் நுழைந்துவிடக் கூடாது. வேட்டியின் மடிப்புக் கோடுகள் தெரிகின்றனவா, எண்ணெய் வைத்து வாரிய தலைமுடியில் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிறத்தைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. படத்தைச் “சரிசெய்து” தரும் பல இடங்களில் முதலில் செய்வது முகத்தை வெளுப்பாக்குவது. கேட்காமலே செய்கிறார்கள். செல்போன் செயலிகளும் அதையே செய்கின்றன. வயலில் நின்று உழைத்த மனிதரின் நிறம் அவருடையது. அதை மாற்றிச் சுவரில் மாட்டினால், அது வேறு யாரோ ஒருவருடைய படம்.

கீறல், பூஞ்சைப் புள்ளிகளை நீக்க கிம்பில் ஹீல், க்ளோன் என்று இரண்டு கருவிகள். பக்கத்தில் உள்ள நல்ல இடத்திலிருந்து சாயலை எடுத்து, பழுதான இடத்தில் பரப்புபவை. பின்னணித் திரையிலும் சட்டைத் துணியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கன்னத்தில் நிதானமாக. கண்ணிலும் உதட்டிலும் கீறல் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன். இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு, சிதைந்த முகத்தை நொடியில் முழுமையாக்கித் தருகிறார்கள். பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அந்தக் கண், இயந்திரம் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான மற்ற முகங்களிலிருந்து ஊகித்து வரைந்த கண். அப்பாவை நேரில் பார்த்தவர்கள் இருக்கும்வரை வித்தியாசம் தெரியும். பேரன் பேத்திகளுக்கு அந்த வரைந்த முகம்தான் தாத்தாவாக நிலைத்துவிடும். எனக்கு அது சம்மதமில்லை. அண்ணாச்சியிடமும் அதையே சொன்னேன்.

படத்தைத் திருத்துவதே தவறு என்று சொல்லவில்லை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே முகச் சுருக்கங்களை நீக்கினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, குடும்பம் சுற்றி நிற்க எடுத்த படங்களும் தமிழ்நாட்டில் ஏராளம். இந்த வேலைகளெல்லாம் இப்போது வரலாறு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேமித்திருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கிய சாதாரணக் குடும்பப் படங்கள்தான் அங்கே ஆவணம். அந்த மாதிரிப் படத்தில் ஸ்டூடியோக்காரர் தீட்டிய வண்ணத்தை அழுக்கென்று நினைத்து நாம் துடைத்துவிட்டால், இழப்பு அந்தக் குடும்பத்தோடு நிற்காது. அண்ணாச்சியின் குரூப் போட்டோவுக்கும் இது பொருந்தும். அதன் அட்டையில் ஸ்டூடியோ பெயர் அழுத்தி அச்சிட்டிருந்தது. பேரன் எடுத்த செல்போன் படத்தில் அட்டை முழுக்க வெட்டப்பட்டிருந்தது.

சேமிக்கும் வடிவம் பற்றி ஓரிரு வார்த்தை. மூல ஸ்கேனை டிஃப் அல்லது பிஎன்ஜி ஆக வையுங்கள். இவை ஒரு புள்ளியையும் இழக்காது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கத்தைக் கழித்துவிடும். திறந்து திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கழிக்கும். அனுப்ப நல்லது, பாதுகாக்க ஆகாது. குரூப் போட்டோவை 600 டிபிஐ-யில் வண்ணமாக எடுத்தால் சுருக்காத கோப்பு ஏறத்தாழ 52 எம்பி வரும். பெரிதாகத் தோன்றலாம், ஆனால் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் அப்படிப்பட்ட படங்கள் சுமார் 19,000 அடங்கும். எந்த வீட்டில் அத்தனை படம் இருக்கிறது?

சுருக்குவது ஏன் பழக்கமாகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபி-க்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபி-க்குள் என்று கேட்பார்கள். இ-சேவை மையத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, அங்கிருப்பவர் படத்தை நசுக்கி ஏற்றி, அந்த நசுங்கிய கோப்பையே பென்டிரைவில் போட்டுத் தருவார். விண்ணப்பத்துக்கு அது சரி. அதுவே வீட்டில் இருக்கும் ஒரே கோப்பாகிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பும் படத்தைப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். சென்னையில் இருக்கும் மகளுக்கு மூல ஸ்கேனை அனுப்ப வேண்டுமென்றால் “டாக்குமெண்ட்” என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே போய்ச் சேரும்.

பத்திரிகையில் வந்த படத்தின் கத்தரிப்பு கையில் இருந்தால் தனிக் கவனம் வேண்டும். அச்சுப் படம் ஏற்கெனவே மைப்புள்ளிகளால் ஆனது. அதன்மேல் ஸ்கேனரின் புள்ளி வரிசை விழும்போது அலையலையாகக் கோலம் விழும். 600-இல் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு பாதி அளவுக்குக் குறைத்தால் அலை அடங்கும். ஸ்கேன் மென்பொருளில் “டிஸ்க்ரீன்” என்று இருந்தால் அதையும் இதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

அச்சிட்ட தமிழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்தால் எழுத்தாகவும் மாற்றிக்கொள்ள முடியும். எண்பதுகளில் ஹெச்பி நிறுவனத்தில் உருவாகி 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் என்ற மென்பொருள் தமிழ் படிக்கும். கல்யாணப் பத்திரிகை, பழைய மலர், கோவில் கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அதில் ஓரளவு நன்றாக வரும். கையெழுத்துப் பத்திரத்தை அதனிடம் கொடுக்காதீர்கள், நேரம் வீண். பழைய பத்திர எழுத்தர்களின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரிலாவது இருப்பார், அவரிடம் போங்கள்.

“இதையெல்லாம் எங்க வைக்க? வீட்டுக் கம்ப்யூட்டர்லயா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

ஓர் இடத்தில் வைத்தால் வைக்காத மாதிரிதான். வீட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. வேறு ஊர் என்பது முக்கியம். தாமிரபரணிக் கரையில் இரண்டு வீட்டில் வைத்தால் 2023 போல ஒரு நாளில் இரண்டும் போகும். அண்ணாச்சியின் மகன் ஓசூரில் இருக்கிறார். ஒரு ஹார்ட் டிஸ்க் அங்கே இருக்கட்டும் என்றேன். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில் வரட்டும்: 1964_கல்யாணம்_முன், 1964_கல்யாணம்_பின் என்பது போல. ஆண்டு தெரியாவிட்டால் 1960கள் என்றாவது எழுதுங்கள். ஸ்கேனர் தானாக வைக்கும் எண்களை அப்படியே விட்டால், நாலு வருடம் கழித்து எந்தப் படம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

குரூப் போட்டோவில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். அண்ணாச்சிக்குப் பதினேழு பேரைத் தெரிந்தது. ஸ்கேன், டிபிஐ, கிம்ப் எல்லாம் அடுத்த மாதம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். பெயர்களை இன்றைக்கே எழுத வேண்டும் என்றேன். படத்தின் கோப்புப் பெயரிலேயே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, உள்ளே மேல்வரிசை இடமிருந்து வலம், நடுவரிசை இடமிருந்து வலம் என்று பெயரும் உறவுமுறையும் ஊரும். தெரியாத இடத்தில் “தெரியவில்லை” என்று எழுதி, எத்தனாவது ஆள் என்ற எண்ணை மட்டும் போட வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. பிறகு அந்தப் படத்தை முழு அளவில், வரிசை எண்களோடு, வள்ளியூரில் இருக்கும் அவருடைய அத்தைக்கும் கொழும்பிலேயே தங்கிவிட்ட பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. அவர்களுக்குத் திரையில் பார்ப்பது சிரமம் என்பதால், அனுப்பும் படத்தை ஏ3 தாளில் பெரிதாக அச்சிட்டு, ஒரு பேனாவோடு யாராவது நேரில் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் சொன்னேன்.

“ஞாயித்துக்கிழமை நானே போயிட்டு வாரேன்” என்றார்.